சந்தேகம் இல்லை என்று நான் வைத்த கையெழுத்து

அக்கா கணவரான மச்சானின் உடலைப் பொறுப்பெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனவன் நான்தான். அக்காவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பிரேத அறைக்கு வெளியே கிடந்த வாங்குப் பலகையில் எங்களுக்கு முன்பே இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. அதில் ஓர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே சொன்னார்.

"சந்தேகம் இருக்கான்னு கேப்பாங்க தம்பி. இல்லன்னு சொல்லிருங்க. இருக்குன்னு சொன்னா இன்னிக்கு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது."

எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இறந்தவரை முதலில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. அந்தப் பிறகு வரும்போது என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

ஆனால் நான் யோசிக்கிறவன். என் நோயே அதுதான். கடைக்குப் புறப்பட்டுப் பாதி வழி போனபின் கேஸ் சிலிண்டரைப் பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குத் தூக்கம் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பேன். மச்சான் இதற்காக என்னைக் கேலி செய்யாத நாளில்லை. "வீட்டுக்குக் கவலப்பட ஒருத்தர் போதும். நீ இருக்கிறதால நான் நிம்மதியாத் தூங்குறேன்" என்பார். கண்டிக்குப் பக்கத்துத் திகனவில் ஒரு ஹாட்வேர் கடையில் பதினெட்டு வருடம் நின்றவர். ஆணியை விரலில் உருட்டியே அளவு சொல்வார். எங்கள் வீட்டில் எந்தக் கதவு முனகினாலும் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்ப் புட்டியோடு வந்து நிற்பார். வேலை முடியும்வரை அக்காவைப் பற்றி என்னிடம் புகார் சொல்வார், பக்கத்து அறையில் இருக்கும் அக்காவுக்குக் கேட்கிற சத்தத்தில்.

அப்படிப்பட்ட யோசனைக்காரன், அன்றைக்கு யோசிக்க வேண்டிய ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் யோசித்தேன். வேன்காரர் காத்திருப்பாரா, மழை வருமா, பெட்டி வாசலில் நுழையுமா. பொலிஸ்காரர் அரைப் பக்கம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். திடீர் மரண விசாரணை அதிகாரி, யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். இன்னும் என்னவோ கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கண்டி டவுனில் புடவைக் கடையில் நிற்பவன் நான். சிங்களத்தில் நாள் முழுக்கத் துணி விற்பேன், பேரம் பேசுவேன், சிரிக்க வைப்பேன். ஆனால் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குச் சிங்களம் வாசிக்க வராது. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். பொழுது சாய்வதற்குள் மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நடந்தது இதுதான். பௌர்ணமி போயா லீவுக்குக் கடை ஆட்கள் எல்லோருமாக நீர்த்தேக்கத்தில் படகில் போயிருக்கிறார்கள். ஆறு பேர் ஏறக்கூடிய மோட்டார் படகில் பத்துப் பேர். நடுவில் வேகமாகத் திருப்பியபோது கவிழ்ந்தது. ஒன்பது பேர் பிழைத்தார்கள். மச்சானுக்கு நீந்தத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் படகுக்காரர் அக்கா வீட்டுக்கு வந்தார். ஒரு கூடை பழமும், சிங்களத்தில் டைப் அடித்த ஒரு கடதாசியும் கொண்டுவந்தார். மரியாதையாகத்தான் பேசினார், கண் கலங்கவும் செய்தார். பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு தொகை தருகிறேன், இதில் மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்கள், பிறகு யாருக்கும் கோர்ட், பொலிஸ் என்று அலைச்சல் இல்லை என்றார்.

எனக்கு அந்த நிமிடமே போட்டுவிடலாம் போல இருந்தது. கோர்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எங்காவது ஓடிவிடத் தோன்றும்.

அக்கா கடதாசியைத் தொடவில்லை. "என்னா எழுதியிருக்குன்னு தெரியாம நான் எதுலயும் போட மாட்டேன். வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வரட்டும்" என்றாள்.

படகுக்காரர் இருக்கும்போதே ஃபோன் பண்ணிக் கூப்பிட்டோம். வந்தவர் மச்சானோடு ஒரே கடையில் வேலை செய்த திகன நானா. முஸ்லிம் ஆள், சிங்களப் பள்ளியில் படித்தவர். அவரும் அந்தப் படகில் இருந்தவர்தான். தண்ணீர் குடித்து நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலும் பிறகு வீட்டிலும் கிடந்துவிட்டு அப்போதுதான் எழுந்து நடந்திருந்தார். கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"தங்கச்சி, இதுல என்ன எழுதி ஈக்குது தெரியுமா? குடுத்த லைஃப் ஜாக்கெட்ட அவர் வேணாம்னு செல்லி, எழும்பி நின்டு, தன்ட கவலயீனத்தால விழுந்து மவுத்தானாராம். அதனால இனி எந்த வழக்கும் போட மாட்டோமாம்."

"குடுத்தாங்களா நானா?" என்று அக்கா கேட்டாள்.

"எங்க குடுத்த! ஜாக்கெட் எல்லாத்தையும் ஒரு பொலித்தீன்ல கட்டி முன் சீட்டுக்குக் கீழ தள்ளி ஈந்த. படகு பொரண்டதுக்குப் பொறகுதான் அந்த மூட்ட மேல வந்த. முடிச்சுக்கூட அவுக்கல்ல. நானும் ரெண்டு பேரும் அந்த மூட்டயப் புடிச்சுத்தான் தப்பின."

படகுக்காரர் கோபப்படவில்லை. எழுந்து, என்னைக் காட்டி அமைதியாகச் சொன்னார்: ஜாக்கெட் விஷயம் தானாக எழுதியதில்லை, ஆஸ்பத்திரியில் இவர் கையெழுத்து வைத்த வாக்குமூலத்தில் இருப்பதுதான்.

ஆஸ்பத்திரியில் தலையாட்டியதெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் பழக்கூடையை விட்டுவிட்டுப் போனார். அறைக்கதவு பக்கத்தில் மருமகள், அக்காவின் மகள், நின்றிருந்தாள். ஆறாம் ஆண்டு படிக்கிறவள். "அம்மா, அப்பா சொல்பேச்சு கேக்காமத்தான் செத்தாரா?" என்றாள்.

அக்கா அவளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லடா."

"பயமா இருந்துச்சுக்கா."

"ஒனக்கு எதுக்குத்தான் பயமில்ல! சரி, அழாத. முகத்தக் கழுவு. நாளைக்கு லோயர்கிட்ட போறோம்." அந்தக் கூடையை அப்படியே தூக்கி என்னிடம் கொடுத்தாள். "மொதல்ல இத அவரு வீட்டுல கொண்டுபோய்க் குடுத்துட்டு வா."

கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கும் பயந்துகொண்டுதான் போனேன்.

லோயர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு போட்டோகொப்பிக் கடைக்கு மேலே சின்ன ஒஃபிஸ். நான் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கொண்டுபோயிருந்தேன். மரணச் சான்றிதழ், கலியாண எழுத்துப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பிரதி. அவர் ஒரு பிரதியை எடுத்துவிட்டு மற்றதைத் திருப்பித் தந்தார்.

"இவ்வளவு வேண்டாம் தம்பி. இருங்கோ. தண்ணி குடியுங்கோ. நான் சொல்லுறன்."

அவர் சொன்னதை அப்போது பயத்தில் பாதிதான் விளங்கிக்கொண்டேன். பிறகு அக்காதான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இந்த மாதிரி மரணத்தில் குடும்பத்துக்கு ஒரே வழி என்று கிடையாது. ஒன்று, கவனக்குறைவால் உயிர் போனது என்று நீதவான் கோர்ட்டில் பொலிஸ் நடத்துகிற வழக்கு. அதைக் குடும்பம் போடத் தேவையில்லை, ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் ஒரு லோயர் எழுந்து பேசலாம். இரண்டாவது, உழைத்துக் கொடுத்தவர் போனதற்கு நட்டஈடு கேட்டு மனைவியும் பிள்ளைகளும் மாவட்ட கோர்ட்டில் போடுகிற வழக்கு. அதற்கு இரண்டு வருடம்தான் தவணை, தாண்டினால் கதவு மூடிவிடும். ஒரு வழக்கு நடக்கிறது என்பதற்காக மற்றது நில்லாது. மூன்றாவது, சமாதானமாகப் போவது.

"சமாதானம் பிழையில்லை" என்றார் லோயரம்மா. "எப்பவும் செய்யலாம். ஆனால் அந்தக் கடதாசியில மாதிரி எல்லாத்தையும் விட்டுக்குடுக்கிறம் எண்டு எழுதிக் குடுத்தியள் எண்டால், பிறகு திரும்பிப் போறது கஷ்டம். அதோட, வழக்குப் போட்டபிறகு சமாதானமாப் போனாலும் பிள்ளையளின்ர பங்குக்குக் கோர்ட்டின்ர அனுமதி வேணும். விளங்குதோ?"

அக்கா பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இவன் போட்ட கையெழுத்து?" என்று கேட்டாள்.

"அது தீர்ப்பு இல்லை. ஒரு வாக்குமூலம், அவ்வளவுதான். ஆனால் அப்பிடியே விட்டால் அவையள் ஒவ்வொரு இடத்திலயும் அதைத்தான் தூக்கிக் காட்டுவினம். தம்பி போய் மேலதிக வாக்குமூலம் குடுக்கவேணும். தமிழில எழுதச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நானாவும் வந்து தான் கண்டதைச் சொல்லவேணும்."

"என்னப் புடிச்சு உள்ள போட்டுற மாட்டாங்களா மிஸ்?" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டாள். மச்சான் போனபிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "போட்டா நான் சோறு கொண்டாறேன்" என்றாள்.

லோயரம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "ஒண்டை மட்டும் ஞாபகத்தில வையுங்கோ. நீங்கள் படகில இருக்கேல்ல. அக்காவுக்கு நல்லது செய்யிறன் எண்டு நினைச்சு, காணாததைக் கண்டனெண்டு சொல்லப்படாது. 'நான் அந்த வசனத்தைச் சொல்லேல்ல, எனக்கு அது வாசிக்கத் தெரியாது' எண்டு சொல்லுங்கோ. அவ்வளவும் போதும்."

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. ஏனென்றால் நான் இரவெல்லாம் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்ததே அதுதான். ஜாக்கெட் கொடுக்கவே இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும் என்று அடித்துச் சொல்லிவிட நினைத்திருந்தேன். ஒரு பொய்யான வரிக்குத் தலையாட்டியதை இன்னொரு வரியால் அடைத்துவிடலாம் என்று.

பொலிஸுக்குப் போன அன்று காலையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நானா என் பக்கத்தில் உட்கார்ந்து பூந்தி தின்றுகொண்டிருந்தார். "நீ என்னத்துக்கு நடுங்குற? நான்தானே தண்ணிக்குள்ள விழுந்த" என்றார். தமிழில்தான் சொல்வேன் என்று கேட்டதும் எங்களை இரண்டு மணித்தியாலம் உட்கார வைத்தார்கள். பிறகு தமிழ் தெரிந்த ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர்தான். பேனையைத் திறந்துகொண்டே கேட்டார்.

"அப்ப நீங்க அன்னிக்குப் பொய் சொன்னீங்களா?"

"இல்ல மிஸ். பொய்யும் சொல்லல, உண்மையும் சொல்லல. கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினேன்."

"ஏன்?"

"பிரேதத்த வீட்டுக்குக் கொண்டுபோகணும். அத மட்டுந்தான் நெனச்சேன். எழுதினது எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவர் எழுதினார். பிறகு தலையைத் தூக்காமலேயே, "அப்ப ஜாக்கெட் குடுத்தாங்களா, இல்லையா?" என்றார்.

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்காவின் முகம், கதவடியில் நின்ற பிள்ளையின் முகம் எல்லாம் வந்தன. நானா பூந்திப் பையை மடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நான் அங்க இல்ல மிஸ். எனக்குத் தெரியாது. அங்க இருந்தவரு இவரு. இவருகிட்ட கேளுங்க."

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். இன்னொரு தரம் என்றேன். மூன்றாவது தரம் கேட்டபோது பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"அண்ணே, ஒங்க வீட்டுல ஒங்களோட எப்படித்தான் இருக்காங்களோ!"

"கஷ்டந்தான் மிஸ். ஒரு தரம் மட்டும்."

மூன்றாவது தரமும் வாசித்தார். கையெழுத்து வைத்தேன். அடுத்து நானா ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். எத்தனை பேர் ஏறினார்கள், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், மூட்டை எந்த நிறம், முடிச்சு எந்தக் கயிறு என்று ஒன்றையும் விடவில்லை. மச்சான் எழுந்து நிற்கவில்லை, தன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார் என்று சொன்ன இடத்தில் மட்டும் நிறுத்தி, தண்ணீர் கேட்டார்.

நீதவான் கோர்ட்டில் வழக்குத் தவணை வந்த அன்று அக்காவும் நானும் லோயரம்மாவும் போனோம். பின் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பழைய வாக்குமூலத்தோடு எங்கள் இரண்டு வாக்குமூலங்களும் கோர்ட் ஃபைலில் சேர்க்கப்பட்டன. மொழிபெயர்ப்பாளர் அவற்றின் சுருக்கத்தைச் சொன்னார். படகைப் பரிசோதித்து, அதில் இருந்த எல்லோரையும் விசாரித்து அறிக்கை தரும்படி நீதவான் பொலிஸுக்குச் சொன்னார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அக்காவுக்கு நட்டஈட்டு வழக்குக்கான வேலையையும் லோயரம்மா தொடங்கிவிட்டார். இரண்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "இப்ப அவரு மேலதான் தப்புன்னு இருக்கா மிஸ்?"

"அப்பிடி ஒரு கடதாசி இருக்கு. இப்ப அதுக்குப் பக்கத்தில மற்றதும் இருக்கு. ஆரின்ர பிழை எண்டு இனித்தான் பாப்பினம்."

"அப்ப இன்னும் முடியல."

"ஓம். முடியேல்ல."

"சரி, பாக்கட்டும்" என்றாள் அக்கா. பிறகு மகளுக்கு ஃபோன் எடுத்தாள். மணி அடிக்கும்போதே அதை என் கையில் திணித்தாள். "நீயே சொல்லு. நீதான கையெழுத்துப் போட்ட."

நான் கோர்ட்டில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பக்கம் மருமகள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க பொலிஸ்ல என்னா சொன்னீங்க மாமா?"

"தெரியாததத் தெரியாதுன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

"நானா என்னா சொன்னாரு மாமா?"

"அப்பா எந்திரிச்சு நிக்கலன்னு சொன்னாரு. தன்னோட தோளப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாருன்னு சொன்னாரு."

அக்கா ஃபோனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அத இன்னொரு தரம் சொல்லுங்க மாமா" என்றாள் பிள்ளை.

சொன்னேன்.