ஓரத்தில் எழுதியவர்

வெண்ணந்தூர் மாதையனை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. ஆனால் பதினோரு வருடம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், அதுவும் பென்சிலில்.

எல்லாம் சூரமங்கலம் கைலாசம் இழுத்துவிட்ட வேலை. ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. இரண்டு பெண்களுக்குத் தகப்பனான பிறகும் காமிக்ஸை விடாத மனிதர். இத்தாலியிலும் இங்கிலாந்திலும் யாரோ வரைந்ததைத் தமிழாக்கி, மட்டக் காகிதத்தில் அச்சடித்து விற்பார்களே, அந்தப் படக்கதைகள்தான். 1975இல் ஒரு புத்தகத்தின் வாசகர் கடிதப் பக்கத்தில் நம் பக்கத்து விலாசம் இரண்டு இருப்பதைப் பார்த்து அவர் கார்டு போட்டார். ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்குவோம், எல்லாரும் படிப்போம் என்று எழுதியிருந்தார். ஒரு விலாசம் என்னுடையது. நான் மல்லசமுத்திரத்தில் கடலை மில்லில் எடை போடுகிறவன். இன்னொன்று தறி ஓட்டும் மாதையனுடையது.

புத்தகங்களை ஒரு துணிப்பையில் போட்டு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஊர் ஆள் டீக்கடையில் வாங்கிக்கொள்வார். ஆளுக்கு இரண்டு நாள் கெடு. சுற்று முடிந்தால் பை கைலாசம் வீட்டுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் ஒரு சுற்றுக் கிளம்பும். பேனாவால் எழுதக்கூடாது, பென்சில் மட்டும்தான் என்பது கைலாசம் போட்ட சட்டம். 1980இல் பத்தொன்பது பேர் ஆனோம். எண்பத்துநாலில் மாதத்துக்கு ஏழெட்டுப் புத்தகம் வர ஆரம்பித்ததும் நாற்பத்தொரு பேர். பாதிப் பேர் பாதிப் பேரின் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டதெல்லாம் பக்கத்தின் ஓரத்தில்தான்.

அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவர் மாதையன். படத்தில் தப்பு கண்டுபிடிப்பதில் மன்னன். இந்தக் கட்டத்தில் துப்பாக்கி இடது கையில், அடுத்த கட்டத்தில் வலது கையில், எப்போது மாற்றினான் என்று ஓரத்தில் கேட்டு எழுதுவார். நான் கீழே பதில் எழுதுவேன். அடுத்த சுற்றில் அவர் அதற்கும் பதில் வைத்திருப்பார். பனியைக் கண்ணால் கண்டிராத நாங்கள் பனிமலையில் கோவேறு கழுதை வழுக்குமா வழுக்காதா என்று ஒன்றரை வருடம் மோதினோம். மற்றவர்கள் எங்கள் சண்டையைப் படித்துவிட்டுத்தான் கதையைப் படித்தார்களாம். எனக்கு அதில் பெருமை இருந்தது, மறைப்பானேன்.

எண்பத்தாறு தை மாதம் பை வெண்ணந்தூரில் நின்றுபோனது. மாதையன் நெஞ்சுச் சளி முற்றிப் போய்விட்டார் என்று கண்டக்டர் சொன்னார். அன்று மில்லில் நான் எடை போட்டதெல்லாம் தப்பு. ஒரு மாதம் கழித்து அவர் மனைவி பொன்னாயி யாரையோ கொண்டு எழுதவைத்த கார்டு கைலாசத்துக்கு வந்தது. அவர் எழுத்து என்று வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, உங்கள் புத்தகங்களில் எழுதியிருக்கிறாராம், எங்கள் பெண்ணுக்கு இரண்டு வயது, பிற்பாடு இதுதான் உன் அப்பா எழுத்து என்று காட்ட வேண்டும், தருவீர்களா என்று கேட்டிருந்தது.

கைலாசம் உருகிப்போனார். மாதையன் எழுதிய புத்தகங்களாகப் பார்த்து முப்பத்துநான்கு பொறுக்கி எடுத்தார். கிழிசலும் சுருட்டலுமாகக் கொடுத்தால் மரியாதை இல்லை என்று சேலத்தில் பைண்டு போடக் கொடுத்தார். என்னையும் துணைக்கு வரச்சொன்னார். பங்குனி வெயிலில் நெரிசலான பஸ்ஸில் இரண்டு கனத்த பைண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

ஆட்டையாம்பட்டி தாண்டி நான் ஒன்றைத் திறந்தேன். மூன்று பக்கமும் கத்தியால் வெட்டி வழவழவென்று இருந்தது. படங்கள் காகிதத்தின் விளிம்பு வரை வந்து நின்றன. ஓரமே இல்லை.

"ஏனுங்க, எழுத்து எங்கீங்க?" என்றேன்.

கைலாசம் வாங்கிப் புரட்டினார். இன்னும் புரட்டினார். ஒரு பக்கத்தின் அடியில் பென்சில் எழுத்துகளின் தலை மட்டும் எறும்பு வரிசை மாதிரி மிச்சம் இருந்தது.

"நாந்தான் சொன்னேன்" என்றார். "ஓரமெல்லாம் அழுக்கு, ஒட்ட வெட்டுங்க, படத்துல மட்டும் ஒரு மயிரிழை படக்கூடாதுன்னேன். மெசினுக்குப் பக்கத்துலயே நின்னு பாத்தனுங்க. படத்தையே பாத்துட்டு நின்னுட்டேன்."

காமிக்ஸ் பைத்தியம் முற்றிய ஒருவரால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அலுப்புத்தான் வந்தது. திரும்பிவிடலாமா என்றார். கார்டு போட்ட பொம்பளைக்கு என்ன பதில் சொல்வது என்றேன். அதற்குள் வெண்ணந்தூர் வந்துவிட்டது.

எங்கள் ஊரையும் வேலையையும் சொன்னதும் பொன்னாயி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பைண்டை வாங்கினார். "எதுங்க அவரு எழுதினது?" என்றார்.

கைலாசம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்கவில்லை, அந்த மட்டும் நல்லது. பொன்னாயி அழவில்லை. வெட்டின விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"செரி, போனது போச்சு. என்னதான் எழுதுவாருங்க? ஒண்ணு ரெண்டு சொல்லுங்க, நெனப்புல வெச்சிருந்து புள்ளைக்குச் சொல்றேன்."

கைலாசம் வாயைத் திறந்தார். எந்தக் கதை எந்த மாதம் வந்தது, எந்தப் பக்கத்தில் பாலம் இடிந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனிதர். மாதையனின் வரி ஒன்று முழுசாக வரவில்லை. நானும் தேடினேன். துப்பாக்கி, கழுதை என்று விஷயம்தான் ஞாபகம் வந்தது, அவர் வார்த்தை வரவில்லை. நான் அவருக்குத் திருப்பி எழுதியது மட்டும் ஒவ்வொன்றாக வந்து நின்றது. பதினோரு வருடமும் நான் என்னைத்தான் படித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதையே சொல்லிவிட்டேன்.

"அப்ப நீங்க எழுதினதச் சொல்லுங்க" என்றார் பொன்னாயி. "அதுக்கு அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியுமுங்க."

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தறிச் சத்தத்துல காதோட கண்ணும் போச்சான்னு ஒருக்கா எழுதினேனுங்க."

அந்தம்மா யோசிக்கவேயில்லை. "காது போனாத்தான் கண்ணு நல்லாத் தெரியும், நீங்க போயிக் கடலைய நிறுங்கம்பாரு."

கைலாசம் தலையைத் தூக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. "அதேதானுங்க" என்றார். "அந்த வார்த்தையேதான் எழுதியிருந்தாரு."

பொன்னாயி பைண்டைக் கீழே வைத்துவிட்டு எங்கள் எதிரே உட்கார்ந்தார்.

"அடுத்ததச் சொல்லுங்க" என்றார்.