ஆறு மணி வரை ட்ரம்பெட்

தொழிலாளர் தீர்ப்பாயத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவரை அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் எல்லோரும் ‘ஆர்டர் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். கணவர் காய்கறி வாங்க மறந்தால்கூட, “எதிர்த்தரப்பு போதிய காரணம் காட்டவில்லை” என்று சொல்லிவிட்டுத்தான் திட்டவே ஆரம்பிப்பார்.

இரண்டாம் மாடி ட்ரம்பெட் ஆசிரியருக்கும் அவருக்கு நேர் மேலே குடியிருந்த நர்ஸம்மாவுக்கும் சண்டை முற்றியபோது, இருவரும் அக்காவை நடுவராக வைத்துக்கொண்டார்கள். அவர் சொல்வதற்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருடம் பிறர் சொல்லச் சொல்ல அடித்தவர், முதல்முறையாகத் தன் தீர்ப்பைத் தானே அடித்தார்: ஜன்னலைச் சாத்திக்கொண்டு மாலை ஆறு மணி வரை வாசிக்கலாம். பழக்க தோஷத்தில் கடைசி வரியும் வந்து விழுந்தது: ‘இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது.’

ஆசிரியர் அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

மூன்று வாரத்தில் ஆசிரியரின் பக்கத்து வீட்டுக்கு ஒரு தச்சர் குடிவந்து, வீட்டிலேயே மரம் அறுக்கத் தொடங்கினார். ஆசிரியர் அலறியடித்துக்கொண்டு அக்காவிடம் ஓடினார். பின்னாலேயே தச்சரும் வந்தார், கையில் நர்ஸம்மாவிடம் வாங்கிய தீர்ப்பு நகலோடு.

“ஜன்னலச் சாத்திட்டேங்க்கா. ஆறு மணிக்கு நிறுத்திடறேன். எல்லாம் உங்க தீர்ப்புப்படிதான்.”

ஆசிரியர் துள்ளிக் குதித்தார். “அது எனக்கும் நர்ஸம்மாவுக்கும் நடந்த வழக்கு! இவருக்கு எப்படிச் செல்லும்? கடைசி வரியப் படிங்க!”

“அவர் சொல்றது சரிதான் தம்பி,” என்றார் அக்கா. “நடுவர் தீர்ப்பு, கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரத்தான் கட்டுப்படுத்தும். எங்க தீர்ப்பாயத்துலயே போன மாசம் ஒண்ணு சொல்லுவாங்க, இந்த மாசம் வேற சொல்லுவாங்க. மேல்கோர்ட் சொன்னாத்தான் எல்லாரும் கேட்டாகணும்.”

“கட்டுப்படுத்த வேணாம்க்கா. ஆனா அதச் சொன்ன தலையும் இந்தத் தலையும் ஒண்ணுதானே? அவருக்குச் சரின்னா எனக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?”

“நல்ல கேள்வி,” என்றார் உள்ளேயிருந்து கணவர். அக்கா திரும்பி முறைத்ததில் அவர் முகம் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்தது.

பிறகு அக்கா, ஆசிரியர், தச்சர் இருவரிடமும் கட்டுப்படுவதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் ஆசிரியர் வீட்டுக்கே போய்ச் சுவரில் காதை வைத்து உட்கார்ந்தார். ரம்பம் ஓடியபோது அலமாரியில் கோப்பைகள் நடனமாடின. அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ட்ரம்பெட் சத்தம் ஜன்னல் வழியாகப் போனது, சாத்தினால் அடங்கியது. இது சுவர் வழியாக வருகிறது. ஜன்னலைச் சாத்தி என்ன பிரயோஜனம்?

அறுப்பது நண்பகல் வரை, இழைப்பதும் தேய்ப்பதும் ஆறு மணி வரை என்று அடித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. கொஞ்சம் யோசித்து எழுதினார்: ‘மற்றவர்கள் இதைப் படிக்கலாம். கட்டுப்பட வேண்டியதில்லை.’

படித்தார்கள். கிளி வளர்ப்பவர் முதல் தீர்ப்போடு வந்தார், அவருடைய எதிர்வீட்டுக்காரர் இரண்டாம் தீர்ப்போடு வந்தார். கணவர்கூட விடவில்லை. “உன் தங்கச்சி வந்தப்ப நான் ஹால்ல படுத்தேன். எங்க அண்ணன் வர்றான், இப்ப நீ படு.”

“அது முன்னுதாரணம் இல்ல!”

“கட்டுப்பட வேணாம். படிச்சாவது பாரு.”

அன்று மாலையே அக்கா தடியாக ஒரு ஃபைல் வாங்கி, தீர்ப்புகளுக்கு எண் போட்டு, பொருளடக்கம் அடிக்க உட்கார்ந்தார். சம்பளம் வாங்கிய காலத்தில்கூட இவ்வளவு உழைத்ததில்லை என்று கணவர் புலம்பியபடியே, ஹாலில் தன் பாயை விரித்தார்.