நாலு மணிச் சிவப்பு

என் மேல்வரிசையில் ஒரு பல் பொய். மாணவர் போராட்டத்தில் லத்தி பட்டு உடைந்தது என்று மனைவியிடம் சொல்லி, அதற்குரிய மரியாதையை இன்றுவரை அனுபவித்து வருகிறேன். போன வாரம் தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் வரும்போது பழைய டவுன் ஹாலுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். டர்ப்பன்டைன் வாசனை ஏறியதும் ஈறு வலித்தது.

டர்ப்பன்டைன் என்றால் எனக்குத் தாணுதான். நாகர்கோவில் பக்கத்து ஓவியன். அப்போது நான் ஓவியச் சங்கத்துச் செயலாளர். ஒரு கோடுகூட நேராகப் போட வராது என்பதே தகுதி. ஆண்டுக் கண்காட்சி டவுன் ஹாலில். உயர்ந்த மரக்கூரை, வளைவு ஜன்னல்கள், மேற்கே மட்டும் திறக்கவே முடியாத வண்ணக் கண்ணாடி. உள்ளே புழுக்கம் ஆளை அவித்துவிடும். ஆனால் நாலு மணிக்கு எதிர்ச்சுவரில் ஒரு சிவப்பு விழும் பாருங்கள், அதற்காக வேகலாம்.

தாணு பல நாள் வந்து அந்தச் சிவப்பை அளந்துகொண்டு போனான். அவன் வரைந்த கல்யாணப் பெண்ணின் சேலைக்கு மட்டும் நிறமே இல்லை. நாலு மணிக்கு வெயில் வந்து உடுத்திவிடுமாம்.

"செக்ரட்டரி சாரே, அது எனக்க செவரு. வேற எவனுக்கும் குடுக்கப்பிடாது, என்னா?"

சரி என்றேன். மறுநாள் கோபி என்ற இன்னொரு ஓவியன் அதே சுவரைக் கேட்டான். அவனுக்கும் சரி என்றேன். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல எனக்கு வராது.

திறப்பு நாளன்று தாணு வந்தபோது அங்கே கோபியின் யானை தொங்கியது.

"எடுடே ஒனக்க ஆனைய!"

"சாரு எனக்காக்கும் தந்தது. நீ போயி பணி நோக்கு."

தாணு, படம் நிறுத்தும் முக்காலியின் காலைப் பிடுங்கி அடித்தான். கோபியின் புருவம் பிளந்து ரத்தம் யானைமேல் தெறித்தது. கோபி, தாணு தூரிகை பிடிக்கும் விரலைக் கடித்து விடாமல் தொங்கினான். உண்மையைச் சொல்லி விலக்கலாமென்று நான் நடுவில் புகுந்தேன்.

"ரெண்டு பேருக்கும் நாந்தான்..."

கோபியின் முஷ்டி என் வாயில் இறங்கியது. பல்லைத் துப்பினேன். தாணு மேடையிலேறி இரும்பு நாற்காலியை என் தலைக்குக் குறிவைத்து வீசினான். குனிந்தேன்; அன்று நான் செய்த ஒரே சாமர்த்தியம். நாற்காலி வண்ணக் கண்ணாடியைத் தகர்த்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது.

நாலு மணிக்கு வெயில் வந்தது, வெறும் வெயில். விரலில் ரத்தம் சொட்ட, தாணு படத்தைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்றான். கல்யாணப் பெண் வெள்ளைச் சேலையிலேயே இருந்தாள்.

இப்போது அங்கே சாதாக் கண்ணாடி, ஏசி, கனத்த திரை. நாலு மணி ஆனதே உள்ளே தெரியாது. தாணு அப்புறம் வரைந்ததாகத் தகவலில்லை.

அன்று நான் சிவப்புச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்த காவலாளி உள்ளே வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உடைந்த ஜன்னல் முன் நின்றார்.

"கொள்ளாம் சாரே. இப்பளாக்கும் இத்திரி காத்து வருது."