விலைப் பக்கத்தைத் தேடி வந்தவர்கள்

குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தேயிலை விலை சரிந்துகொண்டே போன வருடங்கள் அவை. ஏலத்துக்குப் போன தூள் விற்காமல் திரும்பி வந்தது. இணையத்தில் நேராக விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி நம்பினார். கோயமுத்தூர்க்காரர், அதிர்ந்து பேசமாட்டார்.

தளத்துக்குக் கூட்டம் வந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

"ஏனம்மா, இத்தன பேரு எதுக்கு வர்றாங்க? பாத்துச் சொல்லு" என்றார்.

ஒவ்வொரு வருகையும் சர்வரில் ஒரு வரியாகப் பதிவாகும். லட்சக்கணக்கில் குவிந்திருந்த அந்த வரிகளைத் திறக்கவே என் கணினி திணறியது. வாடகைக்குக் கிடைக்கும் பெரிய சர்வர்களில் ஏற்றி, பக்கம்வாரியாகவும் நேரம்வாரியாகவும் பிரித்துப் படமாக வரைந்தேன். தூள் விற்கும் பக்கங்களின் கோடுகள் தரையோடு கிடந்தன. ஒரே ஒரு கோடு மட்டும் தினமும் காலையில் செங்குத்தாக ஏறியது. பச்சை இலைக்கு ஃபேக்டரி தரும் அன்றைய விலையைப் போடும் பக்கம் அது. வந்தவர்கள் எங்களுக்கு இலை கொடுக்கும் சிறு விவசாயிகள். விலை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மதியமும் வந்து பார்த்தார்கள். அரவேணுவில் அரை ஏக்கர் தோட்டம் வைத்திருந்த என் அப்பாவும் அந்தக் கோட்டுக்குள் இருந்தார்.

முதலாளியிடம் படத்தைக் காட்டினேன்.

"அந்தப் பக்கத்த எடுத்துரு. சர்வர் வாடகை இவங்களுக்கா கட்டறது?"

"நம்மளுக்கு இலை குடுக்கறவங்கதானுங்க."

"தெரியுதும்மா. நானும் எத்தன நாளைக்குத் தாக்குப்பிடிப்பேன்?"

எடுத்துவிட்டேன். மறுநாள் காலை பதிவுகளைத் திறந்தபோது அதே நேரத்தில் அதே கூட்டம். ஒவ்வொரு வரியிலும் 'பக்கம் இல்லை' என்ற பிழை. திரும்பத் திரும்பத் தட்டியிருந்தார்கள். நாள் போகப் போக அந்த வரிகள் குறைந்தன. அவை குறைவதைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் அப்பா செல்போனை நீட்டினார். "உங்க ஆபீஸ் பக்கம் தொறக்க மாட்டீங்குது."

"எடுத்துட்டாங்கப்பா."

"செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த மழைக்காலத்திலேயே ஃபேக்டரி மூடப்பட்டது. நான் கோவைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். அப்பா இலை பறிப்பதை நிறுத்திவிட்டார். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யாமல் விட்ட செடிகள் ஆள் உயரத்தைத் தாண்டி மரமாகிவிட்டன. இப்போது வீட்டு வாசலிலிருந்து ரோடு தெரிவதில்லை.