அக்கா முக்காடு போட்டுக்கொண்டு சொன்னது

போன மழைக்காலத்தில் என் அக்கா எஸ்தர் எங்களை விட்டுப் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

அவள் கோலா தெர்லாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மகன் டேவிட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறாள். குளியலறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், "குளிருலா" என்பாள். ஒரு காலை அடுப்படியில் மயங்கி விழுந்தாள். டேவிட் தூக்கி உட்காரவைத்தான். கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "தர ஈரம், வழுக்கிருச்சு." தரை காய்ந்து கிடந்தது.

நான் பக்கத்தில் திரிங்காப் ஊரில் இருக்கிறேன். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனுவை எந்த முகப்பில் கொடுக்க வேண்டும், எந்த நாளில் போனால் அதிகாரி இருக்கமாட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என்னிடம் ஓய்வூதிய அட்டை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் போதும். அக்கா வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவள். அவளுக்கு அப்படியோர் அட்டை கிடையாது.

ஆனால் அரசாங்க உதவித்தொகை பெறும் வயதானவர்களுக்கு ஒரு சுகாதாரப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. இலவசமாக உடம்பைச் சோதிப்பார்கள். பெரிய நோய் என்று தெரிந்தால், உடம்பில் பொருத்தும் கருவிக்கும் திட்டத்திலிருந்தே உதவி வரும். உதவித்தொகை வாங்குகிறவர்கள் தனியாகப் பதிய வேண்டியதில்லை. இணையத்தில் ஐசி என்கிற அடையாள அட்டையின் எண்ணைத் தட்டிப் பார்த்தாலே தெரியும். தட்டினேன். அக்காவுக்குத் தகுதி உண்டு என்று வந்தது. நாம் கேட்காமலே அரசாங்கம் நமக்கு ஒன்றைத் தந்து வைத்திருப்பதை என் வேலைக்காலத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. அது மனம் மாறுவதற்குள் கிளினிக்கில் நாள் வாங்கிவிட்டேன்.

அந்த நாள் பள்ளி விடுமுறை. வழியில் கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்களின் கார்களுக்குப் பின்னால் பாதிக் காலை போனது. அக்கா கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கிளினிக்குக்குள் நிமிர்ந்து நடந்தாள்.

டாக்டர் இளம் மலாய்ப் பெண். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார்.

"தாடா, டாக்டர்."

மூச்சு வாங்குகிறதா? "தாடாலா." மயக்கம் வருகிறதா? "தாடா, தாடா." இல்லை என்பதற்கு மலாயில் அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு தமிழ் நர்ஸைப் பார்த்து, "இப்பக்கூட மல ஏறுவேன், சொல்லு" என்றாள்.

"பாட்டி என்னவிட ஸ்ட்ராங்கு" என்று நர்ஸ் சிரித்தாள்.

"அடுப்படியில விழுந்தாங்கம்மா" என்றேன் நான்.

"தர ஈரம்" என்று அக்கா அந்த வழக்கை முடித்துவிட்டாள்.

அன்று அவள் நாடியும் ஒழுங்காகவே இருந்தது. இதயமும் அவளோடு சேர்ந்து நடித்திருக்கிறது. ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவைச் சொல்ல இன்னொரு நாள் கொடுத்தார்கள்.

காரில் கேட்டேன். "ஏன்க்கா மறைக்கிற?"

"முடியலன்னா பேர வெட்டிருவாங்கடா."

"யாரு வெட்டுவா? நீ வேலய விட்டு எத்தன காலமாச்சு? வீடே டேவிட் பேர்ல இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 'பேர்' என்றால் அன்றைய வேலை, அன்றைய கூலி. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் உடம்பைச் சோதித்துப் பார்த்து, இவரால் முடியாது என்று சொன்னால் பேர் போகும். பேர் போனால் வீடு போகும். எங்கள் அப்பாவுக்கு இருமலை அடக்கத் தெரியவில்லை. டிரெசர் முன்னாலேயே இருமினார், பேர் போனது. வீடும் போகவிருந்த நேரத்தில், அக்கா காய்ச்சலோடு அதே மனிதர் முன்னால் நிமிர்ந்து நின்று, "நல்லாருக்கேங்கய்யா" என்றாள். கொழுந்துக் கூடை கிடைத்தது. வீடு நின்றது. அந்தப் பொய்யில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதை எந்த வாயால் கண்டிப்பது?

வீட்டுக்கு வந்து ஜெபித்தேன். நீளமாக ஜெபிக்கத் தெம்பில்லை. "ஆண்டவரே, என் பக்கத்து வேலை முடிந்தது. திட்டம் இருக்கிறது, தகுதி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். அவள் வாயைத் திறக்கவைக்க எந்த இலாகாவுக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீரே பாரும்." அவ்வளவுதான். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. களைத்துப்போயிருந்தேன்.

அந்த வெள்ளி மாலை, வீட்டு ஜெபக்கூட்டம் அக்கா வீட்டில். நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்போம். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது. அந்தத் தைரியத்தில்தான் பலர் வீட்டுச் சண்டையை எல்லாம் ஆண்டவரிடம் கொட்டுகிறார்கள். எனக்கு அந்த இரைச்சல் ஒத்துவருவதில்லை. பெரும்பாலும் மௌனமாக இருப்பேன். அன்று தகரக் கூரையில் மழை வேறு. மழைக்கு மேலே கேட்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா குரலை உயர்த்தினாள்.

"அப்பா, மூச்சு விட முடியலப்பா. நெஞ்சு நின்னு நின்னு போவுது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. பையனுக்குத் தெரிய வேணாம். டாக்டர்கிட்ட நல்லாருக்கேன்னுட்டேன். நீங்கதாம்ப்பா பாத்துக்கணும்."

டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அங்கே பதில் இருந்தது. அவள் வாய் திறக்க வேண்டும் என்றுதானே கேட்டேன்? திறந்துவிட்டது.

எல்லோரும் போனபின் மெதுவாகச் சொன்னேன். "ஜெபத்துல சொன்னத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுக்கா."

"ஆண்டவர்கிட்ட சொன்னத நீ எதுக்குடா கேட்ட? ஜெபத்துல கண்ணத் தொறந்தியா?"

"கண்ணு மூடித்தான் இருந்துச்சு. காத எப்படிக்கா மூடுறது?"

டேவிட் தேநீர்க் குவளையோடு வாசற்படியில் நின்றுவிட்டான். அவள் பயம் அவனுக்கும் தெரியும். "வீடு போனாப் போவட்டும்மா" என்றான். "நீ இல்லாத வீட்ட வச்சுக்கிட்டு நா என்ன பண்ண?" அவள் குவளையை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாம் முறை போனோம். ரத்தத்தில் பெரிய குறையில்லை என்றார் டாக்டர். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். அக்கா, "தா..." என்று தொடங்கி நிறுத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதுவே ஓர் அற்புதம்.

அக்கா முந்தானையை இழுத்துத் தலைக்கு முக்காடு போட்டாள். கை கூப்பினாள். கண்ணை மூடி, அந்த அறையில், டாக்டரின் மேசைக்கு முன்னால், எல்லாவற்றையும் ஆண்டவரிடம் சொன்னாள். மூச்சு, மயக்கம், சுவரைப் பிடித்து நின்றது, காய்ந்த தரை. நர்ஸ் குனிந்து அதைத் தாழ்ந்த குரலில் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு முறையும் குறுக்கிடவில்லை. அக்கா ஆமென் என்று கண் திறந்தபோது, டாக்டர் ஈசிஜி எடுக்கச் சொல்லியிருந்தார்.

இந்த முறை இதயம் நடிக்கவில்லை. இடையிடையே துடிக்காமல் நின்று, மறுபடி தொடங்கியது. அன்றே ஆம்புலன்ஸில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நெஞ்சில் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தார்கள். தாமதித்திருந்தால் அடுத்த மயக்கத்தில் எழுந்திருக்கமாட்டார் என்று அங்கே சொன்னார்கள். கருவிக்கான உதவியைத் திட்டத்திலிருந்து ஆஸ்பத்திரியே கேட்டு வாங்கியது. நான் எந்த வரிசையிலும் நிற்காமல் ஒரு காரியம் நடந்தது. இதையும் ஜெபத்துக்கு வந்த பதிலோடு சேர்த்துக்கொள்கிறேன்.

அக்கா இப்போது மூட்டு வலி, பல் வலி என்று ஒன்று விடாமல் சொல்கிறாள். நர்ஸ் அவளைக் கண்டால் ஒளிகிறாளாம். ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் சுவரைப் பிடித்து நிற்கிறவர்கள் இருக்கலாம். ஐசியை எடுத்துக்கொண்டு அவர்களைக் கூட்டிப்போங்கள். ஆண்டவரிடம் சொல்வதை டாக்டரிடமும் சொல்லச் சொல்லுங்கள். நடைமுறை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நடைமுறை கிளினிக் வாசல் வரை கொண்டுபோய் விடும். அதற்கப்பால் அவரை நம்புங்கள். அரைமனதோடு கேட்ட என்னையே அவர் தள்ளவில்லை.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை நான் அக்கா பக்கத்து நாற்காலியில்தான் உட்காருகிறேன். கண்ணை மூடிக்கொள்கிறேன். காதை மூடுவதில்லை.