அடுப்படி வகுப்பு

அந்த வீட்டில் இணையம் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் அடுப்படி. அதனால் மிஸ்ஸின் பள்ளிக்கூடமும் அங்கேதான். ஜன்னலோரம் மடக்கு மேசை, மேலே மடிக்கணினி, அதற்கு முட்டுக்கொடுக்க இரண்டு டப்பாக்கள், முதுகுக்குப் பின்னால் அடுப்பு. பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு மிஸ் எப்போதும் பச்சைக் காட்டுக்குள் உட்கார்ந்திருப்பாள். பின்னணிப் படத்தின் உபயம்.

ஏழு வருடம் துணிக்கடையில் பில் போட்டவள். கடையை மூடியதும், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பாட்டு, பட அட்டை, விளையாட்டு எல்லாவற்றையும் வளைத்துப்போட்டு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இறங்கிவிட்டாள்.

"உனக்கே அரைகுறை. இதுல டீச்சரம்மாவா?" என்றான் பேருந்து ஓட்டும் கணவன்.

"அரைகுறையா இருக்கறதாலதான் அதுங்களுக்கு எங்க தடுக்கும்னு எனக்குத் தெரியுது" என்று அவன் வாயை அடைத்தாள்.

திரையில் ஆறு கட்டம், ஆறு முகம். ஐந்தை அடக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஆறாவது, இரட்டைச்சடை போட்ட சிறுமி. ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை. அவள் மைக்கிலிருந்து மின்விசிறிச் சத்தம் மட்டும் வரும். அன்று காலை அவளுடைய அப்பா செய்தி அனுப்பியிருந்தார்: "இன்னைக்கும் பேசலேன்னா நிறுத்திக்கிறோம் மிஸ். தப்பா நினைக்காதீங்க."

மிஸ் தப்பாக நினைக்கவில்லை. ஒரு கை பார்த்துவிடுவது என்று மேசை முன் உட்கார்ந்தாள். சொடுக்கினால் சுழலும் படச்சக்கரம் ஒன்றைத் தயாரித்தாள். எந்தப் படத்தில் நிற்கிறதோ, அதன் பெயரை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இரட்டைச்சடையின் சட்டையில் பூனைப் படம் உண்டு என்பதால், சக்கரத்தில் மூன்று இடங்களில் பூனையைப் போட்டாள்.

சக்கரத்தையும் காட்டையும் சேர்த்துச் சுமக்க மடிக்கணினிக்குத் திராணி இல்லை. காட்டை நீக்கினாள். அடுப்படி அம்பலத்துக்கு வந்தது. அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லாமல் வகுப்பு தொடங்கிவிட்டது. நடுவில் கணவன் வந்து பாலை அடுப்பில் வைத்து, "பாத்துக்கோ, ஷேவ் பண்ணிட்டு வர்றேன்" என்றான். எதற்கென்றே தெரியாமல் தலையாட்டினாள்.

சக்கரம் சுழன்றது. "டக்!" "ட்ரெயின்!" "மிஸ், எனக்கு ரெண்டு தடவை!" ஐந்து பேரும் வீட்டை இரண்டாக்கினார்கள். ஆறாவதாக இரட்டைச்சடையின் முறை. சக்கரம் பூனையில் வந்து நின்றது.

"சொல்லு கண்ணு."

வேறொரு கட்டம் முந்திக்கொண்டது.

"நான் சொல்றேன் மிஸ்!"

"நீ சும்மா இருடா, அது அவ டர்ன்!" என்றது இன்னொன்று.

இரட்டைச்சடை சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. திரையோரத்தில் மிஸ் தெரியும் குட்டிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் விரிந்தது. விரல் எழுந்தது.

"மிஸ்! மில்க்! மில்க்!"

"ஐயே, அது கேட்!" என்றது ஒரு கட்டம்.

"மில்க் கமிங், மிஸ்! மில்க் கமிங்!"

மிஸ் திரும்பினாள். பால் பொங்கிப் பாத்திரத்தின் கழுத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவளோ அடுப்பை விட்டுவிட்டுத் திரைக்கே திரும்பினாள். "என்னடி தங்கம் சொன்னே? இன்னொரு தடவை சொல்லு!"

"மிஸ், கோ! கோ!"

மற்ற ஐந்து கட்டங்களும் சேர்ந்துகொண்டன. "கோ, மிஸ், கோ!"

ஓடிப்போய் அடுப்பை அணைத்து, கரித்துணியும் கையுமாகத் திரும்பியபோது, ஆறாவது கட்டத்தில் இரட்டைச்சடைக்கு மேலே ஒரு மீசை எட்டிப்பார்த்தது.

"மிஸ்... இப்பக் கத்துனது எங்க வீட்டு ஆளா?"

"உங்க வீட்டு ஆளேதான் சார்!"

மீசை மகளைக் குனிந்து பார்த்தது. மறுபடி நிமிர்ந்தது. "நாளைக்கும் இதே நேரந்தானே மிஸ்?"

பாதிக் கன்னத்தில் நுரையோடு கணவன் ஓடிவந்தான். "டீச்சரம்மா! பால் பூராப் போச்சே! பாத்துக்கச் சொன்னேன்ல?"

"போனாப் போகுது" என்றாள் மிஸ், முகமெல்லாம் பல்லாக. "நாளைக்கும் இதே நேரத்துக்கு வை."