பாலம் மூடிய நாளும் லீவும்

பழுகாமத்திலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து, களுவாஞ்சிக்குடி நெல் மில்லுக்கு வேலைக்குப் போனவள் இராசாத்தி. சண்டைக் காலம். எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் போதும், பாலத்துச் சோதனைச்சாவடி மூடிவிடும். காலையில் போனவர்கள் அங்கேயே நின்று வெயிலில் காய்ந்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

அந்த வைகாசியில் அவளுக்கு லீவு தேவைப்பட்டது. ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வருடத்துக்கு ஒருமுறை கதவு திறந்து சடங்கு தொடங்கும். அம்மனுக்கான அரிசியைக் தாய்வழிக் குடிக்கு ஒரு பெண்ணாக விரதமிருந்து உரலில் குத்த வேண்டும். குத்துகிறவள் சடங்கு முடியும்வரை ஊரெல்லை தாண்டக் கூடாது. அவர்கள் குடிக்காக உலக்கை பிடித்த தாய்க்கு வாதத்தில் கை விழுந்துவிட்டது. மூத்தவள் சின்னத்தங்கம் பிள்ளை பெற்ற துடக்குத் தீட்டில் இருந்தாள். மிச்சம் இராசாத்திதான்.

முதலாளி நல்லரத்தினத்திடம் போய்க் கேட்டாள்.

"ஒனக்கு ஏது புள்ள லீவு? எல்லாம் முடிஞ்சிதே."

"நான் ஒரு நாளும் லீவு எடுக்கல்லயே, முதலாளி."

"பாலம் மூடின நாள் நீ வேலைக்கு வரல்லதானே? அது லீவுதான்."

"வீட்டில படுத்தா கிடந்தன்? பாலத்தடியில நிண்டனான்."

"பாலத்த நானா மூடின? உரல்ல குத்த லீவு வேணுமாம், அதுவும் மில்லுக்காரன்ட்ட! நெல்லக் கொண்டா, மெசின்ல போட்டுத் தாறன்."

நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் பின்னேரம் அவரே அவளைத் தனியே கூப்பிட்டார். அம்மன் காரியம் என்றதும் அவருக்கும் உள்ளுக்குள் பயம்.

"ஒனக்கு மட்டும் தாறன் புள்ள. ஒருத்தருக்கும் மூச்சு விடாத."

இராசாத்தி வெளியே பார்த்தாள். காயவைக்கும் தளத்தில் கோணாமலை நெல் கிளறிக்கொண்டிருந்தான். அவனும் அதே பாலத்தடியில் நின்றவன். அவனுடைய லீவும் அப்படித்தான் போயிற்று.

"எனக்கு மட்டும் எண்டா வேணாம், முதலாளி. பாலம் மூடின நாள் லீவில்ல எண்டு எல்லாருக்கும் சொல்லுங்க."

"அப்ப ஒனக்கும் இல்ல, போ!"

வீட்டில் சின்னத்தங்கம் பொரிந்து தள்ளினாள். "கையில தந்தத வேணாம் எண்டிட்டு வந்திருக்காள்! மறுகா நம்மட குடிக்கு ஆர் கா உலக்க பிடிக்கிற?"

 

கோயில் கதவு திறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது, முதலாளி நெல் பார்க்கப் பழுகாமத்து வயல் வட்டைக்கு வந்தார். இரவு அங்கேயே தங்கிவிட்டு விடியத் திரும்பினால், பாலம் மூடிக் கிடந்தது. மில்லில் ஊறப்போட்ட நெல் இருந்தது. அன்று அவிக்காவிட்டால் நாறிவிடும்; அவிக்கிறவர்களோ இந்தக் கரையில். சாவடியில் கெஞ்சினார், அடையாள அட்டையை நீட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. வேர்க்க விறுவிறுக்க வந்து, வேலைக்குப் புறப்பட்டு அங்கே மாட்டியிருந்த தன் ஆட்களோடு மரத்தடியில் குந்தினார். இராசாத்தி தன் சோற்றில் பாதியை மூடியில் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்ன முதலாளி, இண்டைக்கு நீங்களும் லீவோ?" என்றான் கோணாமலை.

"வாயப் பொத்தடா!" என்றவர் இராசாத்தி பக்கம் திரும்பினார். "நெல் நாறப்போகுதே, புள்ள."

"ஓம், முதலாளி. அந்தக் கவலையோடதான் நாங்களும் ஒவ்வொரு முறையும் இதில இருக்கிற."

 அவர் மூடிய தடுப்பையே பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் பாலம் திறந்தது. மில் வாசலிலேயே புளித்த நாற்றம் மூக்கில் அடித்தது. ஏச்சு விழும் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள்.

"பாலத்தடிக்கு வந்து நிண்டவன் வேலைக்கு வந்தவன்தான்," என்றார் முதலாளி. "கழிச்ச லீவெல்லாம் திருப்பித் தாறன். கோணாமலை, நீ பல்லக் காட்டாத! வீட்டில படுத்திட்டுப் பாலத்தச் சாட்டினா காலை முறிப்பன்."

"இராசாத்திர வேலையையும் நானே பாக்கிறன், முதலாளி. அவள் போகட்டும்," என்றான் கோணாமலை.

கோயிலில் இராசாத்தியின் முதல் குத்து உரல் விளிம்பில் பட்டு நெல் சிதறியது. பக்கத்துக் குடிப் பெண்கள் அவளுக்காகத் தங்கள் கையை மெதுவாக்கினார்கள். பெண்களின் குரவை ஒலி எழுந்தது. அடுத்த குத்து நேரே உரலுக்குள் இறங்கியது.